கைப்பிடிப் பக்கம்

குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த படகின் கதவை ராய் டன்னிக்ளிஃப் தோளால் முட்டித் திறந்தபோது முதலில் வெளியே வந்தது நாற்றம். நனைந்த கம்பளியின் நாற்றம். எலிப் புழுக்கை, பூஞ்சணம், பழைய டீசல் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன.

"உள்ள என்ன, நாய் ஏதாவது செத்துக் கிடக்கா?" என்றாள் அவன் மனைவி ஹேசல், கரையில் நின்றபடியே.

"ஈரம். ஜன்னலைத் திறந்தாப் போயிடும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

மில்ட்ரெட் என்று படகுக்குப் பெயர். அறுபதடி நீளம், அகலமோ, நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். வேலை பார்த்த டயர் கிடங்கை மூடியபோது கொடுத்த பணத்தில் ராய் வாங்கியது. முதல் கோடையில் கியர் உடைந்தது. இரண்டாவது கோடையில் எஞ்சின் கொதித்துப் புகைந்தது. இரண்டு முறையும், மூன்று மைல் தள்ளி கால்வாய் குன்றைக் குடைந்து போகும் சுரங்கத்தை எட்டுவதற்குள் திரும்ப வேண்டியதாயிற்று. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை ஹேசல் காரில் போய்த்தான் பார்த்திருக்கிறாள்.

"ஈஸ்டருக்குள்ள இது அந்தச் சுரங்கத்தைத் தாண்டணும்," என்று அவள் கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டாள். "தாண்டலைன்னா வித்துடறோம். அப்புறம் இதைப் பத்திப் பேச்சே இருக்கக் கூடாது."

ராய்க்கு வேறு எதுவும் இல்லை. வேலை போய்விட்டது, முழங்கால் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இந்த இரும்புப் பெட்டிதான்.

அந்த வாரம் முழுக்க அவன் திட்டிக்கொண்டே வேலை செய்தான். தண்ணீர்க் குழாய் உறைபனியில் பிளந்திருந்தது. அதை மாற்றினான், அடுத்த மூட்டு ஒழுகியது. பேட்டரி செத்திருந்தது. அடுப்புப் புகைபோக்கிக்குள் ஏதோ பறவை கூடு கட்டிக் கைவிட்டிருந்தது. ஒரு வேலையாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று, படகைத் தள்ளும் நீளக் கம்புக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, பக்கத்துப் படகுக்காரன் வின்ஸின் கூரைமேல் காய வைத்தான். அது மட்டும் அழகாக வந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை காலை எஞ்சினைப் போட்டான். இருமியது, பிடித்துக்கொண்டது. ஹேசல் கூட லேசாகக் கை தட்டினாள். கியரைத் தள்ளினான்.

டக்.

எஞ்சின் நின்றுவிட்டது.

"ஆரம்பிச்சுடுச்சு," என்றாள் ஹேசல்.

படகைத் தள்ளும் விசிறியில் ஏதோ சுற்றியிருக்கிறது. கால்வாயில் இது சகஜம். பிளாஸ்டிக் பை, கயிறு, ஒரு முறை முழு மெத்தை உறையே வந்தது. அதற்காகவே படகின் பின்கோடியில், மேல்தளப் பலகைக்குக் கீழே ஓர் இரும்புக் கூண்டு உண்டு. அதன் கனத்த மூடியைக் கழற்றினால் கீழே நேராகத் தண்ணீர், தண்ணீருக்குள் விசிறி. தோள்வரை கையை விட்டு, தடவித் தடவி அறுத்து எடுக்க வேண்டும். மறுபடி மூடி, மேலே குறுக்குக் கம்பியைப் போட்டுத் திருகை இறுக்க வேண்டும். இறுக்க மறந்தால் விசிறி சுற்றும் வேகத்தில் தண்ணீர் மூடியைத் தூக்கிவிடும். படகு நின்ற இடத்திலேயே மூழ்கும். படகு வாங்குகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

ராய் குப்புறப் படுத்து, ரொட்டி அறுக்கும் கத்தியோடு கையை உள்ளே விட்டான். தண்ணீர் எலும்பைக் கடித்தது. விசிறியின் தண்டில் மெத்தென்று ஏதோ சுற்றியிருந்தது. அறுத்து இழுத்தான்.

பழுப்பு நிறக் கம்பளி. கையால் பின்னியது.

இழுக்க இழுக்க வந்தது. கடைசி முடிச்சை அறுக்கும்போது விரல் மரத்து, கத்தி நழுவிவிட்டது. அது அடியில் போய்ச் சேர்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"என் ரொட்டிக் கத்தியா அது?" என்றாள் ஹேசல்.

"வேற வாங்கித் தரேன்."

மூடினான், இறுக்கினான், எஞ்சினைப் போட்டான்.

டக்.

வின்ஸ் தேநீர்க் கோப்பையோடு வந்து கரையில் நின்றான். "என்ன கேப்டன், புறப்பட்டாச்சா? இல்ல, இங்கயே ஓட்டிப் பாக்கறீங்களா?" என்றவன், பலகைமேல் கிடந்த கம்பளியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"இது பெர்சியோட ஸ்வெட்டர் மாதிரி இருக்கே."

"எந்தப் பெர்சி?"

"உனக்கு முன்னாடி இந்தப் படகை வச்சிருந்தவன். வெயில் காலத்துல கூடக் கழட்ட மாட்டான்." வின்ஸ் குரலைத் தாழ்த்தினான். "சுரங்கத்துக்குள்ள படகைப் பின்னுக்கு எடுத்துக்கிட்டு இருந்திருக்கான். கால் வழுக்கி விழுந்துட்டான். விசிறி சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஆளை எடுத்தாங்க. முழுசா எடுத்தாங்களான்னு எனக்குத் தெரியாது."

"வாங்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லி இருக்கலாம்ல?"

"டீசல் எவ்வளவு குடிக்கும்னுதானே கேட்ட?"

ராய்க்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இரண்டு வருடம் ஓடிய படகில் இத்தனை நாள் இல்லாத கம்பளி இன்றைக்கா வர வேண்டும்? வின்ஸ் போனதும் மறுபடி குப்புறப் படுத்தான். கையில் கத்தி இல்லை. நகத்தால் பிய்த்துப் பார்த்தான். வரவில்லை. கன்னம் இரும்பில் அழுந்த, தோள் வரை தண்ணீருக்குள், வாய்விட்டே சொன்னான்:

"அந்தக் கத்தி மட்டும் இப்ப இருந்தா..."

உள்ளங்கையில் ஏதோ பட்டது.

மரம். வழவழப்பான மரம்.

விரல்கள் தானாக மூடிக்கொண்டன. கத்திக் கைப்பிடி. கூர் கீழே, கைப்பிடி மேலே. அடுத்தவருக்குக் கத்தி தரும்போது நாம் எப்படிப் பார்த்துக் கொடுப்போமோ, அப்படி.

அவன் இழுத்தான். ஒரு கணம் அது வரவில்லை.

பிறகு அந்தப் பக்கம் பிடியை விட்டது.

"எஞ்சினைப் போடலாமா, கூடாதா?" ஹேசல் முன்பக்கத்திலிருந்து கத்தினாள். "சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் அக்கா பிரெண்டா வீட்ல எத்தனை மணிக்கு வரோம்னு சொல்லட்டும்?"

அவன் மறுபடி குனிந்தான். அறுத்தான். கம்பளி உடனே வந்தது, அவிழ்த்து வைத்ததைப் போல. மூடியைத் தூக்கி வைத்துவிட்டு எழுந்தான். கத்தியைத் தண்ணீரில் வீசினான். எஞ்சினைப் போட்டான்.

மில்ட்ரெட் நகர்ந்தது.

வாங்கிய நாளிலிருந்து அது இப்படி ஓடியதில்லை. தடங்கல் இல்லை, புகை இல்லை. வளைவுகளில் சுக்கானைத் தொட்டால் போதும், தானே திரும்பியது. ஹேசல் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாத்துக்கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பரவாயில்லயே. உனக்கு இது தெரியும்போல இருக்கே," என்றாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

சுரங்கத்தின் வாய் தூரத்தில் தெரிந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

திருகை அவன் இறுக்கவே இல்லை.

மூன்று மைல். படகு இந்நேரம் அடியில் கிடக்க வேண்டும்.

"இதைக் கொஞ்சம் பிடி," என்று சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டு, மேல்தளப் பலகையைத் தூக்கிக் கீழே எட்டிப் பார்த்தான். எஞ்சின் அறை காய்ந்து கிடந்தது. குறுக்குக் கம்பி ஒரு பக்கமாகக் கிடந்தது. மூடியை மேலிருந்து எதுவும் பிடிக்கவில்லை. ஆனாலும் அது அசையவில்லை.

மூடியின் விளிம்பை நான்கு விரல்கள் பற்றியிருந்தன.

கீழேயிருந்து.

ஊறி வெளுத்திருந்தன. நகங்கள் இல்லை. விரல்மூட்டுகள் விம்மி நின்றன. இத்தனை தூரமும் முழுப் பலத்தையும் போட்டு மூடியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்த விரல்கள்.

"என்ன ராய்? மறுபடியுமா?" ஹேசலின் குரலில் அந்தப் பழைய சலிப்பு எட்டிப் பார்த்தது.

அந்தக் குரலைக் கேட்டதும் அவனுக்குள் ஏதோ அறுந்தது. இந்த ஒரு வாரக் குழாயும் பேட்டரியும் எலிப் புழுக்கையும் தொண்டைக்கு வந்தன. சுரங்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இன்று தாண்டியாக வேண்டும்.

"ஒண்ணுமில்ல. ஒரு திருகு லூசா இருக்கு."

கம்பியைக் குறுக்கே போட்டான். விரல்கள் போகவில்லை. திருகைச் சுற்றினான். இன்னொரு சுற்று. மூடிக்கும் கூண்டின் விளிம்புக்கும் நடுவே ஏதோ மெதுவாக நசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கை வலிக்கும்வரை இறுக்கினான்.

கீழேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

சுரங்கம் அவர்களை விழுங்கியது. மேலே செங்கல், கீழே கறுத்த தண்ணீர், எஞ்சின் சத்தம் இரண்டிலும் மோதித் திரும்பியது. பின்னால் வாசல் வெளிச்சம் ஒரு நாணயம் அளவுக்குச் சுருங்கியது. முன்னால் இருந்ததும் அதே அளவு.

நடுவுக்கு வந்திருந்தார்கள்.

டக்.

எஞ்சின் நின்றது. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஈரக் கம்பளியின் நாற்றம் எழுந்தது.

"சரி, கத்தாதே, நானும் கத்தலை," என்றாள் ஹேசல், மூச்சை அடக்கிக்கொண்டு. "கம்பால தள்ளிக்கிட்டுப் போயிடலாம். கம்பு எங்க?"

அது வின்ஸின் கூரைமேல் அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது.

அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. "கடவுளே, ராய்! அப்ப அந்த மூடியைத் திற. டார்ச் நான் பிடிக்கறேன்."

"ஹேசல், வேண்டாம்."

"என்ன வேண்டாம்? ராத்திரி முழுக்க இங்கயே இருக்கப் போறியா? தள்ளு, நான் திறக்கறேன்."

அவள் மண்டியிட்டுத் திருகில் கை வைத்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். திறப்பதென்றால் அவன்தான் திறக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினான். கடைசிச் சுற்றில் அவன் தொடும் முன்பே மூடி மேலெழும்பி, ஒரு பக்கமாகச் சரிந்தது.

ஹேசல் வெளிச்சத்தைக் கீழே அடித்தாள். தண்ணீர் அசையாமல் இருந்தது. பிறகு நடுவில் ஒரு குமிழி.

"ஐயோ, என் ரொட்டிக் கத்தி!" என்றாள் அவள் ஆச்சரியத்தோடு, கையை நீட்டியபடி.

அது மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

இந்த முறை கைப்பிடி கீழே இருந்தது.