தாபிதாவின் தொழில்

கில்ன் சந்தின் கடைசி வீட்டுக்கு மியூரியல் வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. ஹாலிஃபாக்ஸின் மழை விடாமல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். "எங்கள் வம்சத்திலேயே ஓடுகிற தொழில்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். அதற்குச் சாட்சியாக 1871-ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகல் ஒன்று அவள் கையில் இருந்தது. கொள்ளுப்பாட்டியின் தாய் தாபிதா சக்டென் இதே வீட்டில் நர்ஸாக இருந்தவள்.

இப்போது அங்கே குடியிருக்கும் வீட்டுக்காரி டோரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

"நர்ஸுக்கு முன்னாடி இன்னொரு வார்த்தை இருக்கே, கண்ணு. படிக்கலையா?"

"ஏதோ கிறுக்கல்னு விட்டுட்டேன்."

"'டிரை' நர்ஸ். தாய்ப்பால் குடுக்காம ஊரான் பிள்ளைய வளக்கிறவ. ஆத்தாக்காரிங்க மில்லு வேலைக்குப் போனதும், இவ அபின் கலந்த பாகைப் புகட்டித் தூங்கப் போட்டுருவா. பசின்னு அழக்கூடத் தெம்பிருக்காது."

"என்ன பேசறீங்க? அவ என் ரத்தம்!"

"சர்ச்சுல அடக்கப் பதிவு இருக்கு, போய்ப் பாருங்க. ஒரே வருஷத்துல இந்த முகவரியில பதினோரு சிசு."

மியூரியல் தாளைப் பிடுங்கி, பையிலிருந்த வம்ச வரைபடத்தோடு சேர்த்துத் திணித்தாள். அப்போதுதான் மாடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

அழுகை இல்லை.

வெறும் வாய் சப்பும் சத்தம்.

"போகாதீங்க" என்று டோரின் கிசுகிசுத்தாள். "அழுதாலாவது தாங்கிக்கலாம். இதுங்க அழாது."

மியூரியல் படியேறினாள். பின்னறையில் திரை மூடியிருந்தது. புளித்த பாலும் வெல்லப்பாகும் கலந்த நாற்றம் அறையை நிறைத்திருந்தது. பழக்கதோஷத்தில், தொட்டில் இருக்க வேண்டிய உயரத்தில் இருட்டுக்குள் கையை நீட்டினாள்.

பல்லில்லாத ஈறு ஒன்று அவள் சுண்டுவிரலைக் கவ்வியது.

ஐஸாகச் சில்லிட்ட வாய்.

அடுத்த விரலை இன்னொன்று.

"மன்னிச்சிருங்கடா" என்றாள். சப்புவது நின்றது. கையை உதறிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையில் இருந்த வம்ச வரைபடத்தைத் துண்டுதுண்டாகக் கிழித்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

"பேரப்பிள்ளையா? எத்தனை மாசம்?"

மடியில் நனைந்த மழைக்கோட்டு மட்டும்தான் கிடந்தது.

அது மெல்ல ஏறி இறங்கியது.