மூன்றாவது தியேட்டரின் மணி

ஊரிலிருந்த மூன்று பழைய தியேட்டர்களில் முதலாவது வெறும் கூடாரம். ஒரு புயலில் பறந்துபோயிற்று. இரண்டாவதை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். தீப்பிடித்த மூன்றாவது மட்டும் சிமெண்ட் கிடங்காகி உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்றின் வரலாற்றையும் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்த டீச்சர் ஒரு மதியம் அங்கே போய் இறங்கினாள்.

அவளுக்கு அது வெறும் புத்தகம் இல்லை. அவள் அப்பா அங்கேதான் கேட்கீப்பராக இருந்தார். டிக்கெட் இல்லாதவர்கள் நுழைந்துவிடக் கூடாதென்று, படம் தொடங்கியதும் கதவுகளை வெளியே பூட்டிவிடுவார்கள். கடைசி ரீல் போட்டதும் மேலேயிருந்து படம் ஓட்டும் ஆபரேட்டர் மணி அடிப்பார். அதைக் கேட்டபிறகுதான் பூட்டைத் திறக்க வேண்டும். தீப்பிடித்த அன்று பூட்டிய கதவுக்குப் பின்னால் பத்தொன்பது பேர் செத்தார்கள். ஆபரேட்டரும் செத்தார். "மணி அடிக்கவே இல்லை" என்று விசாரணையில் அப்பா சொன்னார். செத்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறார்?

நாற்பது வருடமாக ஆபரேட்டரின் மனைவிக்கு ஒரே பேச்சுதான். "அவர் அடிச்சிருப்பாரும்மா. அதை மட்டும் கண்டுபிடிச்சு எழுது." எழுதுவதாக டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தாள். வாய்க்கு என்ன, சுலபமாகக் கொடுத்துவிடும்.

"படி ஆடும், பாத்துப் போங்க," என்றார் கிடங்குக்காரர்.

மேலே புரொஜெக்டர் அறை கரிபிடித்துக் கிடந்தது. நனைந்த சாம்பல் வாடை மூக்கை அடைத்தது. மணியின் பொத்தான் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. ஒயர் அறுந்து தொங்கியது.

கீழே மணி அடித்தது.

நீளமாக, விடாமல்.

பிறகு கதவைக் கைகள் தட்டின. முதலில் நாலைந்து. அப்புறம் எத்தனையென்றே தெரியவில்லை.

அவள் விழுந்தடித்து இறங்கி வந்தபோது கிடங்குக்காரர் நிதானமாக மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். "மணியா? இங்க கரண்டே கிடையாதே டீச்சர்."

வீட்டில் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"மணி அடிச்சப்போ எத்தனாவது ரீல் ஓடுச்சுப்பா?"

"மூணாவது," என்றார் யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ அடிச்சிருக்கு."

"இன்னும் பத்து ரீல் பாக்கி இருந்துச்சு," என்று கிசுகிசுத்தார். "கை தவறிப் பட்டிருக்கும்னு நினைச்சேன்."

"கதவைத் தட்டினாங்களே?"

"சண்டைக் காட்சி வந்தா அந்தக் கூட்டம் தட்டத்தான் செய்யும்." பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போற வரைக்கும் எழுதாதே கண்ணு. ஊர்ல தலைகாட்ட முடியாது."

"அந்தம்மா நாப்பது வருஷமா தலைகாட்டலையேப்பா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கு அவர்மேல் அருவருப்பாக இருந்தது. பாசமும் இருந்தது, அதுதான் வினை. மேசையில் உட்கார்ந்து, 'ஆபரேட்டர் மணி அடிக்கவில்லை' என்று எழுதினாள். தன்னை நினைக்க அவளுக்கே கசந்தது.

வெளியே போய் நிற்கலாமென்று வாசல் தாழ்ப்பாளை நீக்கி இழுத்தாள். கதவு அசையவில்லை.

மறுபடி இழுத்தாள்.

வெளிப்பக்கம் பூட்டு ஒன்று ஆடிக் கதவில் மோதியது.

அந்தக் கதவில் வெளியே பூட்டு மாட்ட வளையமே கிடையாது.

கொல்லைக் கதவுக்கு ஓடினாள். அதுவும் திறக்கவில்லை.

உள்ளறையில் அப்பா இருமத் தொடங்கினார்.