நான்காம் நம்பர் கம்ப்யூட்டரில் ஆயிரம் செய்திகள்

"அண்ணா, என் ஸ்கிரீனை எதுக்குப் பாக்குறீங்க?"

இஃப்ரா மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இருந்த அந்த பிரவுசிங் சென்டர் முழுவதும் கேட்டுவிட்டது. வெளியே ஐப்பசி மழை... உள்ளே ஃபயாஸின் முகத்தில் அசடு வழிந்தது.

சென்டர் அவனுடையதுதான். நான்காம் நம்பர் கம்ப்யூட்டரில் ஒரு பெண் ஒன்பது நியூஸ் பேப்பர்களின் வெப்சைட்டை ஒவ்வொன்றாகத் திறந்து, பக்கம் வருவதற்குள் கொட்டாவி விடுவதைப் பார்க்கச் சகிக்காமல் வந்து நின்றிருந்தான்.

"பேங்க் எக்ஸாமா?"

"ஆமா. கோச்சிங் முடிஞ்சு பஸ் வர்றதுக்குள்ள இதெல்லாம் படிக்கணும்."

"ஃபீட் ரீடர்னு ஒண்ணு இருக்கு. எல்லாப் பேப்பர் தலைப்பும் ஒரே பக்கத்துல வந்து நிக்கும். நீங்க எங்கயும் தேடிப் போக வேணாம்."

"புதுசா கத்துக்கத்தான் இப்ப எனக்கு நேரமாக்கும்..."

வாய்தான் அப்படிச் சொன்னது. கை மவுஸை அவனுக்கு விட்டுக்கொடுத்தது. அவசரத்தில் அவன் தன்னுடைய அக்கவுண்ட்டிலேயே திறந்து கொடுத்துவிட்டுப் போனான்.

பத்தே நிமிடம்... ஒன்பது பேப்பரும் முடிந்தன. பிடித்த செய்திக்கு ஒரு நட்சத்திரம் போட்டால் அது தனியாக நிற்கும். எல்லாம் படித்தாயிற்று என்று சொல்ல ஒரு பட்டன் இருந்தது; அழுத்தினால் மற்றதெல்லாம் பக்கத்திலிருந்து மறைந்துவிடும். சமையல் மேடையைத் துடைக்காமல் தூங்கப் போகாதவள் இஃப்ரா. அந்தப் பட்டனை அழுத்திவிட்டுத்தான் எழுந்தாள்.

தினமும் அப்படியே நடந்தது. மூன்றாவது வாரத்தில் 'அண்ணா' தானாகக் காணாமல் போயிருந்தது. "இன்னைக்கு லேட்டா?" என்பான். "மழைங்க" என்பாள். அதற்கே பஸ்ஸில் முடிச்சூர் வீடு வரை அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோதுதான் திரையின் மூலையில் அவன் பெயரைக் கவனித்தாள்.

"இது உங்க அக்கவுண்ட்டா? அப்ப நான் தினமும் எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போயிருக்கேனே... உங்களுக்கு என்ன மிச்சம்?"

"நீங்க ஸ்டார் போட்டது இருக்குமே... அதைப் படிப்பேன்."

இஃப்ராவுக்குக் காது சுட்டது. வட்டி விகிதத்துக்கு மட்டுமா நட்சத்திரம் போட்டாள்? வாழைத்தாருக்கு அடம்பிடித்த குட்டி யானைக்குப் போட்டாள். மனைவிக்காகச் சமையல் கற்றுக்கொண்ட கணவனுக்கும் போட்டாள். எல்லாவற்றையும் இவன் பார்த்திருக்கிறான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவ்வளவுதான் கேட்டாள். மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

ஒன்பது நாள் அவள் வரவில்லை. இரும்புலியூரில் வேறு சென்டர், சொந்த அக்கவுண்ட். செய்திகள் ஒழுங்காக வந்தன, படித்தாள். ஒரு நட்சத்திரம்கூடப் போடத் தோன்றவில்லை. அவன் பார்க்க மாட்டானே... என்று நினைத்த நொடியில் அவளுக்கே திக்கென்றது. பரீட்சை முடிந்தால் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வர ஒரு காரணமும் கிடையாது. ரோஷத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவனை இழந்துவிடுவாள்.

பத்தாம் நாள் போனாள். நான்காம் நம்பர் காலியாக இருந்தது. ஃபயாஸ் வந்து ரீடரைத் திறந்து கொடுத்தான். படிக்காத செய்திகள் ஆயிரத்துக்கும் மேல்.

"ஒன்பது நாளா எதையும் படிக்கலையா நீங்க?"

"தெறப்பேன். நீங்க எடுத்து வெச்சதைப் படிச்சே பழகிட்டேன்... இவ்ளோத்தையும் தனியா பாக்க பேஜாரா இருந்துச்சு, மூடிடுவேன். சொல்லாதது தப்புதான். சொன்னா ஸ்டார் போடறதை நிறுத்திடுவீங்களோன்னு பயம்."

அவள் முதல் முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தன்னால்தான் என்று தெரிந்தபோது வருத்தமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை எக்ஸாம். அதுக்கப்புறம் எனக்கு இந்த நியூஸ் எதுவும் வேணாம்."

"தெரியும்..."

"ஆனா உங்களைப் பாக்காம இருக்க முடியலை."

ஃபயாஸ் மவுஸை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கும்தான், இஃப்ரா... முதல் நாள்லேர்ந்து."

"அப்ப எங்க அத்தாகிட்ட வந்து பேசுங்க. முடிச்சூர் ரோட்ல அப்துல் கஃபார் ஹார்டுவேர்ஸ். உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"என் பொண்ணைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு உங்க அத்தா கேட்டா?"

இஃப்ரா தலைகுனிந்துகொண்டாள்.

"அவளுக்கு என்னெல்லாம் பிடிக்கும்னு தெரியும்னு சொல்லுங்க... அது இன்னும் எங்க அத்தாவுக்கே தெரியாது."