மே மாதம்தான் திறப்பார்கள்

திறந்தே கிடக்க வேண்டிய குளிர்சாதனப் பெட்டி மூடியிருந்தது. இடுக்கில் துண்டைச் செருகி வைத்ததை வெர்னா நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள். துண்டு இப்போது தரையில் கிடந்தது. ஆறு மாதம் இப்படியே மூடிக் கிடந்தால் பூசணம் பிடித்து நாறிவிடும். பனிக்காலம் முழுக்க வண்டிகளை அடைத்து வைக்கும் கொட்டகைக்காரன் ஆர்லியிடம் விடைபெற்றுத் திரும்பியவள், தன் டிரெய்லர் வீட்டு வண்டியின் ஜன்னலில் கடைசியாக ஒரு தரம் எட்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு மறுபடி உள்ளே ஏறினாள்.

"கெளம்பறேன் ஆர்லி. நாளைக்கு மெக்சிகோ. இனிமே மே மாசந்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"குடுத்து வச்சவம்மா நீ! நாங்க இங்க பனியை வாரிக் கொட்றோம், நீ மணல்ல காலை நீட்டிப் படு!" என்று சிரித்தபடி அவன் டிராக்டரில் ஏறிக் காதை மூடும் தொப்பியை மாட்டியிருந்தான்.

எலி நுழைந்துவிடுமே என்று, பழக்கதோஷத்தில், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். கனடாவின் மனிடோபாவில் டிரெய்லர் வைத்திருக்கும் எவரும் செய்கிற காரியம்தான். குனிந்து துண்டைச் செருகி நிமிர்வதற்குள் வண்டி லேசாகக் குலுங்கியது. ஆர்லி அடுத்த டிரெய்லரைத் தள்ளிக் கொண்டுவந்து, இடம் மிச்சம் பிடிக்கும் வழக்கப்படி, அவள் கதவை ஒட்டி நிறுத்திவிட்டான். கதவு இரண்டு விரல்கூடத் திறக்கவில்லை. முன்னும் பின்னும் வண்டிகள். தொண்டை கிழியக் கத்தினாள். டிராக்டர் சத்தம் தூரப் போய், கொட்டகையின் தகரக் கதவு உருண்டு, தாழ் விழுந்தது. கொட்டகைக்குள் பிற்பகல் நாலு மணிக்கே இருட்டு.

கைபேசி வீட்டில். விளக்கெரிய பாட்டரி இல்லை, அவளேதான் கழற்றினாள். குழாயில் தண்ணீருக்குப் பதில் உறையாமலிருக்க ஊற்றிய இளஞ்சிவப்பு ரசாயனம். எலிக்குப் பயந்து ஒரு ரொட்டித் துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை. எல்லாம் அவளே, பார்த்துப் பார்த்துச் செய்தது. மகளோடு சண்டை, தேட ஆளில்லை.

மறுபக்கத்தில் ஆபத்துக்கு வெளியேறும் அவசர ஜன்னலின் சிவப்புப் பிடியை இழுத்தாள். ஜன்னல் ஒரு சாண் வெளியே போய், பக்கத்து டிரெய்லரில் இடித்துச் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் வரவில்லை. அந்தப் பக்கத்து டிரெய்லர் இரண்டு வருஷமாக யாரும் எடுக்க வராத பழைய வண்டி. ஆத்திரத்தில் அதன் சுவரை மூன்று தரம் குத்தினாள்.

மூன்று தட்டு திரும்பி வந்தது.

"யாரு? யாராச்சும் இருக்கீங்களா?" அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்.

"கத்தாதீங்கம்மா." பெண் குரல். மெல்லிய, பொறுமையான குரல். "ஆர்லிக்குக் கேக்காது. மே மாசந்தான் தெறப்பாங்க."

"நீங்க... எப்ப மாட்டிக்கிட்டீங்க?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

வெர்னா ஜன்னலை இழுத்தாள். இரண்டு கையாலும். அசையவில்லை.

பக்கத்து வண்டியின் சுவரில் ஏதோ திறந்தது. ஈர மண் வாடை.

"ஒரே குளிரு. கொஞ்சம் நகந்துக்குங்கம்மா."

ஒரு சாண் இடைவெளியில் நான்கு விரல்கள் வந்தன. தடவின. அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. பின்னால் இன்னும் நான்கு.