பார்த்தவர்கள்: நாலு

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி.

வெள்ளிக்கிழமை காலையில் லுவெய்ப்தே மலையில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. தொழுகை நேரம் வரை அம்மான் நகரமே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும். அப்படியிருக்க, கீழ்வீட்டு இன்ஸ்பெக்டர் தஹானியின் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

வாசலில் மேல்வீட்டு சுஹைப் நின்றான். ஒரு காலில் அவன் செருப்பு, மற்றதில் மனைவியின் செருப்பு.

"உம்மு கைஸ், கொஞ்சம் மேல வாங்க. ஹனீன் அழுதுக்கிட்டே இருக்கா. யாரோ வாசல்ல கரவியா வச்சுட்டுப் போயிருக்காங்க."

உம்மு கைஸ் என்றால் கைஸின் அம்மா; எங்கள் ஊரில் பெற்றவர்களை மூத்த பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவோம். தஹானி கணினிக் குற்றப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவள். எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்தாயிற்று. ஒரு பாயசக் கிண்ணம் குற்றவாளிக் கூண்டில் நிற்பதை இன்றுதான் பார்க்கப்போகிறாள். வறுத்த பூசணி விதையை ஒரு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினாள். கொறிக்காமல் அவளுக்கு யோசிக்க வராது.

சாப்பாட்டு மேசையின் நடுவில் கிண்ணம் இருந்தது. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீலக் கொடி. உள்ளே வாதுமையும் அக்ரூட்டும் தூவிய பழுப்பு நிறக் கரவியா. வீட்டிலிருந்த யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை.

போகாததற்குக் காரணம் உண்டு. அரிசிமாவும் வாசனைப் பொடிகளும் சேர்த்துக் கிண்டும் கரவியா, பிள்ளை பிறந்த வீட்டில் செய்வது. குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கிண்ணம். பிறந்த பிறகு, ஞாபகம் இருக்கட்டும். பிறப்பதற்கு முன்னால் அதன் பெயரைக்கூட யாரும் வீட்டில் எடுப்பதில்லை.

ஹனீனுக்கு இது மூன்றாவது மாதம். இதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. அதனால் இந்த முறை மூச்சு விடவில்லை. மாமியாருக்குக்கூடத் தெரியாது.

"யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க, உம்மு கைஸ்," என்றாள் ஹனீன். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள். "என் பிள்ளை வரக்கூடாதுன்னு நினைக்கிறவங்க யாரோ. டாக்டர் மனசை அலட்டிக்காதேன்னு சொன்னார். எப்படி அலட்டிக்காம இருக்கிறது?"

"இரும்மா. யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஹாராவுல மட்டும்தான் போட்டேன். அதுவும் 'வீட்டுக்குள்'ள."

ஹாரா சமூக வலைத்தளத்தில் போன மாதம் வந்த புதுச் சங்கதி அது. நாம் பொறுக்கி எடுத்தவர்கள் மட்டும் பார்க்கலாம். 'உங்கள் கதவு, உங்கள் சாவி' என்று ஊரெல்லாம் விளம்பரம். யார் பார்த்தார்கள் என்ற பெயர் ஹாராவில் என்றைக்குமே வெளியே வராது. இப்போது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டுகிறார்கள்.

"நானும் போட்டேன்," என்றாள் தஹானி. "என் பூனை படத்தை கைஸுக்கு மட்டும். துரை ஜெர்மனியில படிக்கிறார்ல. ஒரு வாரமாச்சு, இன்னும் பூஜ்யத்துலயே நிக்குது. பெத்தவ போட்டதைப் பார்க்க நேரமில்ல."

ஹனீன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிறகு போனை நீட்டினாள். ஸ்கேன் படம், அதில் அவரைக்கொட்டை அளவில் ஒரு வெளிச்சம். கீழே அவள் எழுதியது: 'இந்த முறை தங்கிடும்னு மனசு சொல்லுது.' அதற்கும் கீழே: பார்த்தவர்கள்: 4.

"உள்ளே யார் யாரை விட்டே?"

"மூணு பேர். இவர், லமீஸ், அப்புறம்..." அவள் குரல் கசந்தது. "என் அக்கா ரூலா."

"இங்க நாலுன்னு காட்டுதே?"

"படத்தைப் போட்ட ஹனீனும் பார்ப்பால்ல. அவளையும் சேர்த்து நாலு," என்றான் சுஹைப்.

தஹானி ஒரு விதையை உடைத்தாள்.

விசாரணை லமீஸிடம் தொடங்கியது. அவள் ஹனீனின் கல்லூரித் தோழி. ஒரு வாரமாக அகபாவில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். போனில் அலை சத்தம் கேட்டது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல. ஏன், என்னாச்சு? அவ நல்லாத்தானே இருக்கா?"

"நல்லா இருக்கா. அவளுக்கு இனிப்புன்னா பிடிக்குமா?"

"ஐயோ, உயிர்! போன மாசம்கூட என் வீட்ல தேங்காய் பஸ்பூஸா ரெண்டு துண்டு சாப்பிட்டா."

ஹனீன் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். போனை வைத்ததும், "மரியாதைக்குத் தின்னேன்," என்று முணுமுணுத்தாள். "சின்ன வயசுலேர்ந்தே தேங்காய் எனக்கு ஆகாது. வாயில வச்சாலே குமட்டும்."

தஹானி கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். கரவியாவின் மேல் தேங்காய்த் துருவல் தூவுவதுதான் ஊர் வழக்கம். இதில் ஒரு துணுக்குகூட இல்லை.

"சுஹைப், உன் பெண்டாட்டிக்குப் பிடிக்காதது என்ன?"

"என் அம்மா."

"சாப்பாட்டுல கேட்டேன்."

அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். "கத்திரிக்காயா?"

"உங்களுக்கும் எனக்கும் கல்யாணமாகி நாலு வருஷம்," என்றாள் ஹனீன். "உங்க அம்மா அனுப்புற இனிப்புலேர்ந்து தேங்காயைப் பொறுக்கிப் பொறுக்கி என் விரல் தேஞ்சுபோச்சு. கத்திரிக்காயாம்!"

"அப்போ இவனோ, ஒருவேளை இவன் வாயால தெரிஞ்சிருந்தாலும் இவன் அம்மாவோ இதைச் செய்யல," என்றாள் தஹானி. "உனக்குத் தேங்காய் ஆகாதுன்னு தெரிஞ்சவங்கதான் செஞ்சிருக்காங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்! அக்காவுக்குத் தெரியும். நானும் அவளும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தோம். காலையிலேயே போன் பண்ணி, இனிமே என் வீட்டுப் படி ஏறாதேன்னு சொல்லிட்டேன்." சொல்லும்போதே அவள் கண் மறுபடி நிரம்பியது. தாய் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே தோள் ரூலாதான். அதையும் காலையில் அவளே தட்டிவிட்டாள்.

"அப்பா?"

"அவர்கூடப் பேசி மூணு வருஷமாச்சு. அம்மா போன நாப்பதாம் நாள் முடிஞ்சதும் அவங்க துணிமணியெல்லாம் எடுத்து தர்மத்துக்குக் கொடுத்துட்டேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கல. அவரைக் கேக்கணும்னு தோணல. மேலங்கி, செருப்பு, மூக்குக் கண்ணாடி எல்லாம் போச்சு. போன் மட்டும் எங்க போச்சுன்னே தெரியல. அன்னிக்கு அப்பா, என் வீட்டை விட்டுப் போன்னார். வந்துட்டேன்." ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினாள். "அந்தா, எதிர்ல அஷ்ரஃபிய்யா மலையிலதான் இருக்கார். ஹாராவுல அவருக்குக் கணக்கே கிடையாது. அவருக்கு எப்படித் தெரியும்?"

பத்து மணிக்கு மறுபடி கதவு தட்டப்பட்டது. ஏறாதே என்ற படியில் ஏறி, மூச்சு வாங்க ரூலா நின்றாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"எங்க அந்தக் கரவியா? காட்டு! எவ மேல பழி போடுறே நீ? உனக்குச் சடை பின்னிவிட்ட கைடி இது!"

"உனக்கு மட்டும்தானேக்கா தேங்காய் விஷயம் தெரியும்..."

"தெரிஞ்சா? தெரிஞ்சா உன் வயித்துல மண்ணைப் போடுவேனா? நீ அந்தப் படத்தைப் போட்டதுலேர்ந்து ஒவ்வொரு தொழுகையிலயும் உன் பேரைச் சொல்லி அழறேன்டி, கழுதை!"

இருவரும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினார்கள். சுஹைப் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சமையலறைக்குள் போய்த் தேநீர் போட்டான்.

அந்தக் களேபரத்தில் தஹானி செய்த காரியத்தைப் பார்த்து இரு சகோதரிகளும் அழுகையை நிறுத்தினார்கள். அவள் ஒரு ஸ்பூனை எடுத்து, கரவியாவில் ஆழமாக விட்டு, வாயில் போட்டுக்கொண்டாள்.

"உம்மு கைஸ்!"

"அடி பிடிச்சிருக்கு," என்றாள் தஹானி, நிதானமாக. "கட்டியும் தட்டியிருக்கு. அக்ரூட்டை ஊறப்போடல. ரூலா, நீ மூணு பெத்தவ. உன் கரவியா அடி பிடிக்குமா?"

"என் கரவியாவா? கையெடுக்காம கிண்டுவேன். தோள்பட்டை கழண்டாலும் விடமாட்டேன்."

"அதான். உட்காருங்க எல்லாரும்."

உட்கார்ந்தார்கள். தஹானி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஹனீன், நீ இதைக் கெட்ட எண்ணத்துல வச்சதா நினைச்சே. பிறக்கிறதுக்கு முன்னாடி கரவியா அனுப்புறவ எதிரியாத்தான் இருக்கணும்னு. நம்ம ஊர்ல எந்தப் பொம்பளையும் அப்படித்தான் நினைப்பா. ஆனா எதிரி எதுக்கும்மா உனக்காகத் தேங்காயை விட்டுட்டு செய்யணும்? இதைச் செஞ்சவங்களுக்கு வழக்கம் தெரியாது, அவ்வளவுதான். பிள்ளைன்னா கரவியான்னு தெரியும். எப்பன்னு தெரியாது. வாழ்க்கையில இப்பத்தான் முதல் தடவையா கிண்டியிருக்காங்க. நம்ம ஊர்ல அது யாரு?"

"ஆம்பளை," என்றாள் ரூலா, மெதுவாக.

"ஆம்பளை. நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே உன்னைத் தெரிஞ்ச ஆம்பளை. இன்னொண்ணு, இந்தக் கிண்ணத்தைப் பாரு. கடைச் சீட்டு இன்னும் அடியில ஒட்டியிருக்கு. பேர் சொல்ல விரும்பாதவன் பிளாஸ்டிக் டப்பாவுல வச்சுட்டுப் போயிருக்கலாம். இவர் புதுசா நல்ல பீங்கான் வாங்கியிருக்கார். வீட்டுக்கு வந்த கிண்ணத்தை நாம என்ன பண்ணுவோம்?"

"எதையாவது நிரப்பித் திருப்பித் தருவோம்," என்றாள் ஹனீன். "ஆனா அவருக்கு எப்படி..."

"அது எண்ணிக்கையில இருக்கு. என் பூனை படம் பூஜ்யத்துல நிக்குதுன்னேனே, அந்தப் படத்தை நான் தினமும் பத்துத் தடவை பார்க்கிறேன். போட்டவங்களை ஹாரா கணக்குல சேர்க்கிறதில்ல. அப்போ உன் நாலு, நிஜமாவே நாலு பேர். நீ எனக்கு மூணு பேரைத்தான் சொன்னே. நீ பொய் சொல்லலம்மா. நாலாவது ஆளை ஆளா எண்ணல, அவ்வளவுதான். நான் உன் போனைத் திறந்து பார்க்கமாட்டேன். நீயே சொல்லு."

ஹனீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள். "அம்மாவோட கணக்கு. முதல்ல அவங்களைத்தான் சேர்த்தேன். அவங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல?"

ரூலா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அஷ்ரஃபிய்யாவில் ஒரு கிழவர், மூன்று வருடமாக ஒரு பழைய போனைத் தவறாமல் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

ஹனீனுக்கு முதலில் வந்தது கோபம்தான். "அப்போ எல்லாத்தையும் படிச்சிருக்காரா? மூணு வருஷமா அந்தக் கணக்குக்குத்தான் அம்மாவுக்கு எழுதுறேன்! அது அவருக்கு எழுதினதில்ல! அவரைக் கல்நெஞ்சக்காரர்னு எழுதியிருக்கேன். மறுநாளே, அவர் குரலைக் கேக்காம இருக்க முடியலம்மான்னு எழுதியிருக்கேன்!"

"ரெண்டையும் படிச்சிருப்பார்," என்றாள் தஹானி. "தனக்கு வராத காகிதத்தைப் படிக்கிறது தப்புதான். நான் போலீஸ்காரி, தப்பு இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா பதில் எழுத முடியாம மூணு வருஷம் படிக்கிறதும் லேசுப்பட்ட தண்டனை இல்ல."

ஹனீன் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அந்த ஸ்பூனையே எடுத்து ஒரு வாய் தின்றாள். தீய்ந்த வாசம் மூக்கில் ஏறியது. இரண்டாவது வாயும் தின்றாள்.

போனை எடுத்தாள். வட்டத்திலிருந்து ஒவ்வொருவராக எல்லாரையும் விலக்கினாள், ஒரு பெயரைத் தவிர. எழுதினாள்: 'பாபா, கரவியா பிள்ளை பிறந்த அப்புறம்தான். அடியும் பிடிச்சுப்போச்சு. கிண்ணத்தை நான் கொண்டு வரவா, நீங்களே வந்து வாங்கிக்கிறீங்களா?'

பார்த்தவர்கள்: 0.

நால்வரும் மேசையைச் சுற்றி நின்று ஒரு பூஜ்யத்தையே பார்த்தார்கள். தேநீர் ஆறியது. பிறகு, சத்தமில்லாமல், அது 1 ஆனது.

பதில் ஒன்றும் வரவில்லை. ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கும் முன்பே மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. சகோதரிகளின் அப்பா அபூ ரூலா வாசலில் நின்றார். கோட்டுப் பொத்தான் ஒன்று விட்டு ஒன்று மாட்டியிருந்தது. கையில் பழைய போன், அதில் சுற்றிய சார்ஜர் ஒயர்.

"பாபா," என்றாள் ஹனீன்.

"பாபா," என்றார் அவரும். மகள் தன்னைக் கூப்பிடும் சொல்லாலேயே அப்பனும் மகளைக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். மூன்று வருடமாக அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார்.

போனை அவளிடம் நீட்டினார். "இதுல இருக்கிறதெல்லாம் உன்னோடது. நீ கொடுத்துடுவியோன்னு பயந்து நான்தான் ஒளிச்சு வச்சேன். படிச்சது தப்பு. மன்னிச்சுடு. தேங்காய் போடல, பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் போனை வாங்கவில்லை. சார்ஜர் ஒயரை ஒழுங்காகச் சுற்றி, அதைத் திரும்ப அவர் கோட்டுப் பையிலேயே போட்டாள்.

"நீங்களே வச்சுக்கங்க, பாபா. நான் இன்னும் அம்மாவுக்கு எழுதணும். யாராவது படிக்கணும்ல."