ஒரு பெட்டி பார்த்து லோடைத் திருப்பியவன்

அந்தக் கருத்தரிப்பு ஆஸ்பத்திரிக் கட்டடம் பழையது. வெளியே மட்டும் கண்ணாடி ஒட்டிப் புதுசு போலக் காட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் ஈரச் சுண்ணாம்பு வாடையும் மருந்து நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறும். சுவர் முழுக்கப் பிள்ளைகளின் படம். யார் பெற்ற பிள்ளைகளோ, எல்லாம் பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தன.

டைல்ஸ் கடைக்காரன் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் வந்தான். ஒரு கருவைக் குப்பையில் போடச் சொல்ல வருகிறவனுக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

கருவை அப்புறப்படுத்தும் படிவத்தில் மனைவியின் கையெழுத்தைக் காலையிலேயே வாங்கிவிட்டான். "அது செத்துப்போச்சாம்" என்று சொல்லி வாங்கினான். அவள் முகத்தைத் துணியில் பொத்திக்கொண்டு போட்டுக் கொடுத்தாள். அவர்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு கருதான். இன்னொரு தடவை ஊசியும் மயக்கமும் அவள் உடம்பு தாங்காது என்று டாக்டரே சொல்லியாயிற்று.

செத்துப்போகவில்லை. நைட்ரஜன் தொட்டிக்குள் உறைந்துபோய், உயிரோடுதான் இருந்தது. பரிசோதனையில் 'மொசைக்' என்று வந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆலோசனை சொல்லும் அம்மாள் போன வாரமே அவனை உட்காரவைத்து விளக்கினாள்.

"மொசைக்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல சார். கொஞ்சம் செல்லுல குரோமோசோம் சரியா இருக்கு, கொஞ்சத்துல கூடக் குறைய இருக்கு. ரெண்டும் கலந்திருக்கு. பரிசோதனைக்கு நாங்க கிள்ளி எடுத்ததே கருவோட வெளிப்பக்கம், நச்சுக்கொடியா ஆகுற பக்கம். குழந்தையா ஆகுற பக்கத்தத் தொடவே இல்ல. இந்த மாதிரி கருவ வெச்சு நல்லபடியாப் பிறந்த குழந்தைங்க இருக்கு. தங்காமலும் போகலாம். வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வாங்க, சேர்ந்து முடிவு பண்ணலாம்."

"மொசைக்க நான் பார்க்காததாம்மா? லோடு வந்து இறங்குனா ஒரு பெட்டியத்தான் பிரிப்பேன். அதுல ரெண்டு கல்லு மூலை ஒடைஞ்சிருந்தா லாரியத் திருப்பி விட்டுடுவேன். மிச்சப் பெட்டிய எவன் பிரிச்சுப் பார்த்துட்டு இருக்கான்?"

"இது கல்லு இல்ல சார்."

"எல்லாம் சரக்குதாம்மா."

பெரிய கண்டுபிடிப்பைச் சொன்னவன் மாதிரி சிரித்துக்கொண்டான். நாலு ஆளை வைத்துக் கடை நடத்திவிட்டால் உலகமே தெரிந்துவிட்டதாக நினைப்பு. அந்த அம்மாள் மட்டும் என்ன ஒழுங்கா? மனசு கேட்காதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, படிவத்தை அவன் பக்கம் நகர்த்தத்தானே செய்தாள். அவன் பெண்டாட்டிக்கு ஒரு போன் போட்டிருந்தால் குடியா முழுகியிருக்கும்?

இன்று அந்தத் தாளைக் கொடுத்தான். ஆய்வுக்கூடத்துப் பெண் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவின் இடைவெளியில் வெள்ளைப் புகை தரையோடு தரையாகத் தவழ்ந்து வெளியே வந்தது. கரு இருந்த மெல்லிய குழல் குப்பைத் தொட்டியில் விழுந்தது, குச்சி ஒடிந்தாற்போல்.

"முடிஞ்சுது சார்."

வராந்தாவில் நடந்தான். அவனுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் அதன் பின்னால் இன்னொன்று. செருப்பில்லாத சின்னக் கால். ஈரமாகத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம்.

நின்றான். அதுவும் நின்றது.

பால் வாடை அடித்தது.

திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. சரக்கு என்று சொன்ன வாய் உலர்ந்துபோயிற்று.

இடது சுண்டுவிரலை ஏதோ பிடித்தது.

முதலில் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. பிறகு மெல்ல வெதுவெதுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுகையால் தடவினான். அந்த நேரத்திலும் அவன் கை குறையைத்தான் தேடியது. விரல்கள் எல்லாம் இருந்தன. நகம் இருந்தது. உள்ளங்கையில் ரேகைகூட இருந்தது.

ஒரு குறையும் இல்லை.

அதற்குத்தான் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

உதறினான். விடவில்லை. எப்படியோ ஒற்றைக் கையால் காரை ஓட்டினான். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் எதேச்சையாக எட்டிப் பார்த்தான். இவனுக்கு அடுத்திருந்த காலி இருக்கையைப் பார்த்து, கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தி விளையாட்டுக் காட்டினான்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். அழுது வீங்கிய கண். அது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் முழங்கால் பக்கம் பார்த்தது.

"யாருங்க இது?"

"யா... யாரு? யாரும் இல்லயே."

"செத்துப்போச்சுன்னு சொன்னீங்க?"

அவள் குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"வா கண்ணு. அம்மாகிட்ட வா."

அவன் காலை ஈரமாக உரசிக்கொண்டு ஏதோ உள்ளே போயிற்று. அவன் மூக்குக்கு நேராகக் கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

"ஏய், திறடி! திறன்னு சொல்றேன்ல!"

உள்ளே அவள் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவது கேட்டது. பதிலுக்கு ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது.

வாசலில் நின்றவன் மெல்லக் கீழே பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் சுண்டுவிரலைப் பற்றிய பிடி மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று.