பிடியரிசிப் பானை

மூடியைத் திறந்து கையை விட்டபோது லிஜிக்கு அரிசி தட்டுப்படவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூடப் பாதிப் பானை இருந்தது. இப்போது முழங்கை வரை விட்டுத் துழாவினால்தான் விரல் நுனியில் நாலு மணி படுகிறது. எலி என்றால் கீழே சிந்தியிருக்கும், நாலு புழுக்கையாவது கிடக்கும். ஒன்றும் இல்லை. பானையின் உட்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது, யாரோ நக்கித் துடைத்ததைப்போல.

குன்னத்துகால் பக்கத்துச் சபைக்காரப் பெண்கள் சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று தனியாகப் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசி ஞாயிறு கொண்டுபோய்க் கொட்டுவார்கள். லிஜியும் கொட்டிக்கொண்டுதான் இருந்தாள், முதல் பிள்ளை வயிற்றிலேயே சாகும் வரை. எட்டாம் மாதம். பெண். இடது கையில் ஆறு விரல். பெட்டியை அவள் கணவன் ஜெனில் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தான், அவ்வளவுதான் கனம்.

அதற்குப் பிறகு லிஜி கோயிலுக்கு ஒரு மணி அரிசிகூடக் கொடுக்கவில்லை. கர்த்தரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஆனால் பழகின கை சொன்னால் கேட்குமா? அது பாட்டுக்கு அள்ளிப் போட்டது. சும்மா போட மனம் வராமல் ஒருநாள், "இது உனக்காக்கும் மக்கா," என்று சொல்லிப் போட்டாள். அன்றிலிருந்து அப்படியே சொல்லிப் போடுவதுதான் வழக்கம். தினம் இரண்டு பிடி, இரண்டரை வருஷம். அந்தப் பானை ஒருநாளும் நிறைந்ததில்லை என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

வயிற்றுக்குள் பிள்ளை மெல்லப் புரண்டது. விலாவிலிருந்து இடுப்பு வரை ஒரே புரளல்.

இந்த இரண்டாவது பிள்ளை பெரிசு. ஊரே அதைத்தான் பேசியது. ரெட்டையாக்கும் என்று சிரித்தார்கள், கணவனுக்கு மிச்சம் வைக்காமல் தின்கிறாள் என்று கேலி செய்தார்கள். ஆட்டோ ஓட்டும் ஜெனிலும் முதலில் ஸ்டாண்டில் மார்தட்டிக்கொண்டுதான் திரிந்தான். ஸ்கேனில் நாலு கிலோ எண்ணூறு என்று வந்ததும் அவன் சத்தம் அடங்கியது. பத்து நாள் கழித்து எடுத்ததில் ஆறு கிலோ. டாக்டர் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை.

"மெஷினுக்குத் தப்பாயிருக்கும். பேடிக்கண்டா லிஜி, பயப்படாதீங்க," என்றார். "திங்கள் சாயங்காலம் வந்து சேருங்க. செவ்வாய் காலையிலே ஆப்பரேஷன்." சொல்லும்போது அவர் லிஜியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி ஜெனில் செல்போனை வைத்துக்கொண்டு எதையெதையோ படித்தான். "தோளு சிக்கினா பிள்ளைக்க கை ஒடியுமாம் லிஜி," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு ஒண்ணும் ஆவாதில்லா?" என்று கேட்டான். பாவம், அவனுக்குப் பயத்தை மறைக்கத் தெரியாது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஐப்பசித் துலாமழைக்கு நடுவே சபையின் பைபிள் அம்மா விஜயம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜெபம் பண்ணினாள். போகிற போக்கில் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பானையைப் பார்த்துவிட்டாள்.

"பிடியரிசி எடுத்து வைக்கிய. பின்ன எதுக்கு மக்கா கோயிலுக்குக் கொண்டு வரேல்ல?"

லிஜி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். விஜயம்மாவின் முகம் வெளுத்தது.

"செத்ததுக்குச் சோறு அளக்கப்பிடாது, கேட்டியா? ருசி கண்டா போவாது. இருக்கியதைத் தூத்துவாரி ஞாயிறாழ்ச கோயில்ல கொட்டு. பானையைக் கழுவிக் கமத்து. எல்லாம் சரியாவும்."

லிஜி அப்படியே செய்தாள். மிச்சமிருந்தது ஒரு சின்னக் கவர் அளவுதான். அதைக் கோயில் பெட்டியில் கொட்டியபோது, இரண்டரை வருஷத்துக்குப் பிறகு கர்த்தாவே என்று வாய்விட்டுச் சொன்னாள். வீட்டுக்கு வந்து பானையைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மத்தியானம் சோற்றுக்கு அரிசி அளந்தபோது கை தானாகப் பிடி அள்ளியது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அரிசியைத் திரும்பப் போட்டாள்.

வயிறு அசையவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஒரு மணி நேரம் அப்படி இருந்தது.

பிறகு பசி வந்தது, அவளுடைய பசி அல்ல. உள்ளே ஏதோ சுவரைத் தடவித் தேடுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது வளையல் மணிக்கட்டிலிருந்து நழுவி வாளிக்குள் விழுந்தது. காலையில்தான் சோப்புப் போட்டும் கழற்ற முடியாமல் விட்டிருந்தாள். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. திங்கட்கிழமை விடிந்தபோது கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது.

"இஞ்ச பாருங்க," என்று புருஷனைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினாள். தோல் எலும்பில் தொங்கியது. ஜெனில் பார்த்தான். பையில் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தான்.

மாலை நாலு மணி. மழை விடவில்லை, கரண்டும் போயிருந்தது. நனைந்த ரப்பர் இலையின் வாசனைக்கு நடுவே பழைய அரிசியின் புழுங்கல் வாசனை எங்கிருந்தோ வந்தது. முற்றத்தில் ஆட்டோ உறுமியது.

"லிஜி! வா, போவலாம்!"

அவள் எழுந்தாள். வாசலுக்குப் போகத்தான் எழுந்தாள். கால் அடுக்களைக்குப் போனது.

பானையை நிமிர்த்தினாள். அரிசிச் சாக்கில் கையை விட்டு அள்ளிப் போட்டாள். இன்னொரு பிடி. இன்னொன்று.

"தின்னு மக்கா," என்றாள். "இதைத் தின்னு. என்னைய விடு."

அரிசி குறையவில்லை. அங்கே யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

சுவரில் சாய்ந்தாள். நைட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

தொப்புளுக்கு மேலே தோல் புடைத்தது. ஒரு கை. பிறக்காத பிள்ளையின் கை அல்ல. நடக்கிற, ஓடுகிற பிள்ளையின் கை. உள்ளிருந்து விரித்து அழுத்தியது. தோல் கண்ணாடியாக மெலிந்தது.

முற்றத்தில் ஹாரன் அடித்தது.

லிஜி எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

சுண்டுவிரலுக்கு அப்பால், சின்னதாக, இன்னும் ஒன்று.

ஆறு விரலும் மெல்ல மடங்கின. அரிசி அள்ளுவதைப்போல, அவளுடைய சதையை ஒரு பிடி அள்ளின.